மறு உத்தரவு வரும் வரை

சார், உங்களை ஒரு சிரிப்பு சிரிக்க வைக்கிறேன், பந்தயமா? சும்மா உதட்டோரச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இந்த பெஞ்சிலிருந்து கீழே விழுகிற சிரிப்பு. ஆனால் உடனே கிடையாது. முதலில் கொஞ்சம் அழுகைக் கதை கேட்கணும். பந்தியில் உட்கார்ந்ததுமே பாயசம் ஊற்றுவார்களா? சோறு, சாம்பார், ரசம் எல்லாம் தாண்டித்தானே பாயசம்.

இந்தக் காகிதக் கட்டுகளைக் கொஞ்சம் உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். மடியில் வைத்து வைத்து தொடை மரத்துவிட்டது. எல்லாம் எங்கப்பாவோட கிளைம், கவர்ன்மென்ட்டிடம் நஷ்டஈடு கேட்கிற காகிதம். அவரும் கந்தப்பன் சாரும் கீழே ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறார்கள். ஒரு செட் குறைகிறதாம். போகும்போது, "இங்கயே உக்காரு, எவன்கிட்டயும் வாயத் தொறக்காத"ன்னு சொல்லிவிட்டுப் போனார். வாயைத் திறக்காமல் இருக்க நான் என்ன தபால்பெட்டியா? அதுக்குக்கூட வாய் திறந்துதான் இருக்கும்.

நீங்களும் காண்ட்ராக்டர்தானே? தலையை ஆட்டுகிறீர்கள், ஆமாமா இல்லையா என்றே தெரியவில்லை. பரவாயில்லை. இந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் ஒரே முகம்தான். பல் பிடுங்குகிற ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பார்களே, அந்த முகம்.

என் பெயர் விசாகன். பிளஸ் டூ. எனக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும், குரல். பத்தாவது படிக்கும்போது எனக்குக் குரல் உடைந்தது. உடைந்தது நல்லதாகப் போயிற்று. அந்தத் துண்டுகளை வைத்து யார் குரலை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிற பியூனைப் பாருங்க. "எஸ்.இ. மீட்டிங்ல இருக்காங்க. உக்காருங்க. எங்கன்னு கேட்டா? எங்கயாவது உக்காருங்க!" எப்படி? திரும்பிப் பார்க்கிறார் பாருங்க, தன் குரல் எங்கிருந்து வருதுன்னு!

கேஸ் சிலிண்டர்காரர் குரலில் எதிர்வீட்டு அக்காவைத் தினமும் வாசலுக்கு ஓட வைத்தேன். தலைமையாசிரியர் குரலில் மைக்கில் அரை நாள் லீவு விட்டேன். பாதிப் பள்ளிக்கூடம் கேட்டைத் தாண்டிவிட்டது. இதில் ஆளைப் பார்க்கவே வேண்டாம் சார். குரல் போதும். குரல்கூட வேண்டாம், ஒரு இருமல், ஒரு தும்மல் போதும். கண்ணைக் கட்டிவிட்டாலும் இன்னார் என்று சொல்லிவிடுவேன்.

சிரிப்பு வரும், பொறுங்க. இப்போது சோறு.

எங்கப்பா பேர் சேவுகன். சின்ன காண்ட்ராக்டர். பள்ளிக்கூடத்துக்கு மதில், பஞ்சாயத்துக்குத் தொட்டி, இப்படி எடுத்துச் செய்துகொண்டிருந்தவர். முதல் தடவையாகப் பெரிதாக ஒன்று எடுத்தார். சிறுகானூர் வாரிக்கு மேலே ஒரு பாலம்.

அட, எழுந்திரிக்கப் பார்த்தீங்க, பாலம் என்றதும் உட்கார்ந்துட்டீங்களே! கதை பிடிச்சிருக்கு, அப்படித்தானே? உங்க டீ ஆறுது பாருங்க.

அந்தப் பாலத்துக்கு அப்பா உழைத்த மாதிரி வீட்டுக்குக்கூட உழைத்ததில்லை. இடத்துக்கு மேலே கரண்டு லைன் போகும். அதை இ.பி.காரர்கள் மாற்றித் தரணும். இன்று நாளை என்று இழுத்தார்கள். அப்பா அதற்குக் கீழேயே இரண்டு தூணை ஏற்றிவிட்டார். வேலை நடக்கிற இடத்தில் அவர் போனுக்கு டவர் கிடையாது. அங்கே பேசுகிற ஒரே போன் வெள்ளைக்கண்ணு மேஸ்திரியோட பட்டன் போன். அதுவும் ஒரு தடவை கலவையில் விழுந்து டிஸ்ப்ளே செத்துப்போனது. யார் கூப்பிட்டாலும் பேர் தெரியாது, நம்பர் தெரியாது. குரல்தான். "ஹலோ"ன்னா மனைவியா மாமியாரான்னு மேஸ்திரியே பயந்துகொண்டுதான் எடுப்பார்.

அப்புறம் இந்தக் கதையின் வில்லன். உதவிப் பொறியாளர் தாணுலிங்கம். நாகர்கோவில்காரர். நான் அவரை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. சாயங்காலமானால் அப்பாவுக்கு வீட்டில் போன் வரும், அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தலை துவட்டுவார். அந்தக் குரலில்தான் எனக்கு ஆளைத் தெரியும். நல்ல தொந்தி இருக்கும், முறுக்கு மீசை இருக்கும், விரலுக்கு ஒரு மோதிரம் இருக்கும். உங்களை மாதிரி ஒல்லியாக, பஞ்சத்தில் அடிபட்டவர் மாதிரி இருக்கமாட்டார். தப்பா நினைக்காதீங்க சார்.

அவர் பேசுவதைக் கேட்கணுமே. பேச ஆரம்பிக்கும் முன்னால் இரண்டு தடவை செருமுவார். குளிரில் நின்ற லாரி ஸ்டார்ட் ஆகிற மாதிரி. ஒன்று இல்லை, மூன்று இல்லை. இரண்டு. "க்ர்ஹும்… க்ர்ஹும்… காண்ட்ராக்டரே, ஒண்ணு பாத்துக்கிடுங்க. எனக்க பேச்சு எழுத்து மாதிரி, கேட்டியளா. எழுத்து பொறகு வரும், வேலை முன்னால நடக்கட்டு."

எப்படி? அச்சு இல்லையா? கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறீங்க. குரலைக் கேட்க எதுக்கு சார் கண்ணாடி?

எங்கப்பாவும் அவரும் ஆரம்பத்தில் அவ்வளவு ஒட்டு. அவர் வாயால் சொல்வார், அப்பா செய்வார், காகிதம் பிறகு வரும். வரவும் செய்தது, ஒவ்வொரு தடவையும். "தாணுலிங்கம் சார் வாய்ல வந்துட்டா கல்வெட்டு"ன்னு அப்பாவே சொல்லுவார். அதுதான் சார் ஆப்பு. ஒருநாள் அந்த ஆள் மேஸ்திரி போனுக்குக் கூப்பிட்டு, வேலையை நிறுத்துன்னு சொல்லியிருக்கிறார். லைன் மாற்றுகிற வரைக்கும் ஒன்றும் செய்யாதே என்று. அப்பா நிறுத்திவிட்டார். ஆளையெல்லாம் ஊருக்கு அனுப்பிவிட்டார். தினமும் காலையில் குளித்து, நெற்றியில் பட்டை போட்டு, வண்டி எடுத்துக்கொண்டு இ.பி. ஆபீஸ் வாசலில் போய் நின்றார், லைனை மாத்துங்க மாத்துங்கன்னு. இந்த ஆள் என்னடாவென்றால் மகள் கல்யாணம் என்று லீவில் ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, "காண்ட்ராக்டர் வேலையை அம்போன்னு விட்டுட்டு ஓடிட்டான்"னு மேலே எழுதி அனுப்பிவிட்டார்.

நோட்டீஸ் வந்தது. அப்பா சிரித்தார். "ஆபீஸ்ல எவனோ தெரியாம அனுப்பிட்டான். சொன்னவரே அவருதான, பாத்துக்குவாரு"ன்னார். அடுத்த நோட்டீஸ் வந்தது. அப்புறம் ஒப்பந்தம் ரத்து என்று ஆர்டர் வந்தது. டெபாசிட் போச்சு. மீதி வேலையை வேற ஆளை வைத்துச் செய்து, கூடுதல் செலவையும் உன்கிட்டயே வசூலிப்போம் என்று ஒரு வரி. உடைத்தவனிடமே சட்டிக்குக் காசு வாங்குவார்கள், தெரியும். கட்டினவனிடம் வாங்குவது இங்கேதான்.

அப்பா நேரே அந்த ஆளிடம் போனார். அவர் என்ன சொன்னாராம் தெரியுமா? "க்ர்ஹும்… க்ர்ஹும்… நான் நிறுத்தச் சொல்லவே இல்லியே காண்ட்ராக்டரே! அண்ணைக்கு நான் எனக்க ஊர்ல மகளுக்க கல்யாண மண்டபத்துல நிக்கேன். நான் எப்பம் போன் பண்ணினேன்?" கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாராம். அப்பா வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி ஆறவில்லை. "ஒரு மனுஷன் பொய் சொல்லலாம். இம்புட்டுச் சுத்தமா சொல்லக்கூடாதுய்யா. நான் காதால கேட்டேன். அந்தக் குரல் எனக்குத் தெரியாதா?"

அந்த ஆள் போனிலிருந்து அப்படி ஒரு அழைப்பு போனதாகவே பதிவில்லையாம். பின்னே இருக்குமா? கந்தப்பன் சார் சொன்னார், "வேற எவன் போன்லயாச்சும் பண்ணியிருப்பான் அய்யா. பழம் தின்னு கொட்டை போட்டவன்." ஆமாமா, கைதேர்ந்த ஆள்.

கந்தப்பன் சாரைச் சொல்லவில்லையே. அவர் இதே டிபார்ட்மென்டில் கணக்குப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். அந்தப் பக்கம் இருந்தபோது எந்தெந்த ஓட்டையை அடைத்தாரோ, அதையெல்லாம் இப்போது இந்தப் பக்கம் வந்து திறந்து காட்டுகிறார். மெத்தென்று பேசுவார், பாலில் நனைத்த பன் மாதிரி. "அய்யா… பாலம் மண்ணுல நிக்கும். கிளைம் பேப்பர்ல நிக்கும். நீங்க மண்ணுல நட்ட தூணை எவனும் வந்து பாக்கப்போறதில்ல. பேப்பர்ல நடுங்க."

நட்டார் சார் எங்கப்பா. ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டு ஹாலில் நடக்க வழியில்லை. சிமெண்ட் பில் ஒரு குவியல், டீசல் பில் ஒரு குவியல், சென்ட்ரிங் தகடு வாடகை ஒரு குவியல். சும்மா நின்ற மிக்ஸர் மெஷினுக்கு வாடகை கேட்கணும், அது சும்மா நின்றதுக்குச் சாட்சி வேணும் என்றார் கந்தப்பன் சார். சும்மா நிற்கிற மெஷினை எவன் போட்டோ எடுப்பான்? அப்பா விடவில்லை. வெள்ளைக்கண்ணு மேஸ்திரி மகளுக்குச் சடங்கு பாலத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில்தான் நடந்தது. அந்த ஆல்பத்தை வாங்கிவந்து பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒரு போட்டோவில் பிள்ளைக்குப் பின்னால் மிக்ஸர் தெரிகிறதென்று பிடித்தார். இந்தக் கட்டில்தான் இருக்கிறது, பாருங்க. பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ, சிரிப்பு. கீழே கந்தப்பன் சார் எழுத்து: "வேலையின்றி நிறுத்தப்பட்ட இயந்திரம்." பார்க்கிறவன் இந்தப் பிள்ளையைத்தான் இயந்திரம் என்று நினைப்பான்.

இது சிரிப்பு இல்லை சார். இது சும்மா ஊறுகாய். பாயசம் இனிமேதான்.

அப்பா அதற்கப்புறம் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. நின்றபடியே ஒரு கை குழம்புச் சோறு, ஒரு கையில் பில். அம்மாவோட நகை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே போனது. அம்மா எங்கப்பாவை ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். தினமும் சாயங்காலம் விளக்கேற்றியதும் அடுப்படிக்குப் போய், தாணுலிங்கம் பேரைச் சொல்லி ஒரு கை மிளகாய் வற்றலை நெருப்பில் போடுவாள். "எங்க குடியக் கெடுத்தவன் குரல்வளை அடைச்சுப் போகட்டும்." வீடே இருமும். அந்த ஆளுக்கு அடைத்ததோ இல்லையோ, எனக்கு ஒரு வாரம் எந்தக் குரலும் வரவில்லை. மிமிக்ரிக்காரன் வீட்டில் செய்கிற வேலையா இது?

நீங்க ஏன் சார் தொண்டையைத் தடவுறீங்க? இங்கே மிளகாய் ஒன்றும் போடவில்லை.

ஆனால் பலித்தது சார். அம்மா போட்டது பலித்தது. அப்பா அந்த ஆள் மேலே மேலிடத்துக்கு ஒரு புகார் எழுதினார், வாய்மொழியாக வேலையை நிறுத்தச் சொல்லி அரசுக்கு நஷ்டம் செய்தார் என்று. வரிக்கு வரி நான்தான் டைப் அடித்தேன். பலனைக் கேளுங்க. அந்த ஆளுக்கு ரிட்டயர்மென்ட் நாள். ஆபீஸில் மாலை வாங்கி வைத்து, மிக்ஸர் காராசேவு எல்லாம் தட்டில் போட்டு, பொண்டாட்டியையும் கல்யாணமான மகளையும் கூட்டி வந்து உட்கார வைத்திருக்கிறார். சாயங்காலம் ஆர்டர் வந்தது, சஸ்பெண்ட்! மாலை போடவில்லை. பென்ஷன் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த மகளோட கல்யாணக் கடன் வேறு கழுத்தில் நிற்கிறதாம். கந்தப்பன் சார் வந்து சொன்ன அன்றைக்கு எங்கப்பா ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கி வந்தார். தெருவுக்கே கொடுத்தார். நான் நாலு தின்றேன். உங்களுக்கு ஜாங்கிரி பிடிக்குமா சார்?

கையை ஆட்டுறீங்க, சர்க்கரையா? ஓ. சரி.

இப்போது கேளுங்க, என் பெருமை இங்கேதான் ஆரம்பம். இன்றைக்கு எஸ்.இ., அதான் உள்ளே இருக்கிற பெரிய இன்ஜினியர், அவர் முன்னால் இரண்டு தரப்பும் நேருக்கு நேர். கிளைமில் மற்றதெல்லாம் பில் இருக்கிறது, போட்டோ இருக்கிறது. அச்சாணி ஒன்றுதான் வெறும் காற்று, அந்த போன். அப்பா அதை நம்பும்படி சொன்னால் பணம் வரும், வீடு தப்பிக்கும். தடுமாறினால் வேலையை விட்டு ஓடினவன் என்ற பேர் நிலைத்துவிடும்; அப்புறம் ஒரு கழிவறைகூட இவர் கையில் கொடுக்கமாட்டார்கள். அப்பாவுக்கோ கோபம் வந்தால் வார்த்தை வராது. அதனால் கந்தப்பன் சார் ஒரு யோசனை செய்தார். "தம்பி, நீதான் எல்லாரு மாதிரியும் பேசுறியே. நீ தாணுலிங்கமா உக்காரு. அய்யா உன்கிட்டப் பேசிப் பழகட்டும்."

நான் வெற்றிலைத்தட்டு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மடியில் தலையணையைத் தொந்தியாகச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா எதிரே. கந்தப்பன் சார்தான் எஸ்.இ. அம்மா அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"க்ர்ஹும்… க்ர்ஹும்… அய்யா, நான் அப்பிடிச் சொல்லவே இல்ல பாத்துக்கிடுங்க. காண்ட்ராக்டருக்கு வேலை செய்ய வக்கில்ல. எனக்க தலையில போடுதாரு."

நான் முடிக்கவில்லை சார். அப்பா எழுந்துவிட்டார். விரலை என் மூக்குக்கு நேராக நீட்டி, "இதே குரல்! இதே குரல்தான்யா போன்ல! அச்சு அசல் இதே குரல்!"னு கத்தினார். கத்திக்கொண்டே பளார்னு ஒன்று விட்டார். எனக்கு! தாணுலிங்கத்துக்கு விழ வேண்டியது. தலையணை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அப்புறம் அவருக்கே என்னவோ போலாகிவிட்டது. என் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டார். கந்தப்பன் சார் கண்ணைத் துடைத்துவிட்டு, "இதை அப்பிடியே அங்க சொல்லுங்கய்யா. குரலை அடையாளம் தெரியும்னு சொல்லுங்க. இந்த ஆவேசம் பொய்யில வராது"ன்னார். எனக்குக் கன்னம் எரிகிறது, உள்ளுக்குள்ளே குஷி. யோசித்துப் பாருங்க, ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் உண்டா? பெற்ற அப்பனே மகனை எதிரி என்று நினைத்து அடித்தால்!

நீங்க சிரிக்கலை. இதுவும் பாயசம் இல்லை சார், அவசரப்படாதீங்க. அப்பளம்.

இன்றைக்குக் காலையில் பஸ்ஸில் வரும்போதும் கந்தப்பன் சார் விடவில்லை. "தேதி சொல்லாதீங்கய்யா. தேதி சொன்னா மனப்பாடம்னு நினைப்பாங்க. அடையாளம் சொல்லுங்க. அடையாளம் சொன்னா நம்புவாங்க." நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்டக்டர் குரலைப் படித்துக்கொண்டிருந்தேன், பாதிக் காதுதான் இந்தப் பக்கம். அப்பா சொன்னார், "ஆயுத பூஜை லீவு முடிஞ்சு ஆளு வந்த மொத நாளு சார். மிக்ஸருக்கு முன்னாடி உடைச்ச பூசணிக்காய எவனும் அள்ளல. அழுகிக் கெடந்துச்சு. மேஸ்திரி போனக் கொண்டாந்து குடுத்தாப்ல. அது காதுல இருக்கறப்பவே சிமெண்ட் மூட்டையோட ஒருத்தன் பூசணிக்காயில வழுக்கி விழுந்தான். அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க. நான் மட்டும் சிரிக்கல. என் காதுல இடி விழுந்துக்கிட்டிருந்துச்சே." கந்தப்பன் சார் தொடையில் தட்டினார். "இது போதும். இந்தப் பூசணிக்காயில கேஸு நிக்கும்."

சரி. சாப்பாடு முடிந்தது. இலையை எடுக்காதீங்க, பாயசம் வருது!

நான் இதுவரை எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன் சார், எல்லோரும் கடைசியில் கண்டுபிடித்துத் துரத்தியிருக்கிறார்கள். கண்டுபிடிக்காத ஒரே ஆள் எங்கப்பா. இன்று வரைக்கும் கண்டுபிடிக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே பெரிய சாதனை அதுதான். நீங்கள் வெளியூர் ஆள், இனிமேல் பார்க்கப்போவதில்லை, அதனால் சொல்கிறேன்.

பாலம் வேலை நன்றாக நடந்துகொண்டிருந்த சமயம். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். என் நண்பன் அஸ்லம் சொன்னான், "எல்லாரையும் ஏமாத்துவ, ஒங்கப்பாவ ஏமாத்து பாப்போம். பெத்தவருக்குப் பிள்ளை குரல் தெரியாமப் போகுமா?" நான் சொன்னேன், "ஒரே வார்த்தைல எங்கப்பாவக் கையக் கட்டி நிக்க வைக்கிறேன், என்ன பந்தயம்?" பரோட்டாவும் சால்னாவும். அஸ்லம் ஒளித்துக் கொண்டுவந்த போன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு மேஸ்திரி நம்பரைப் போட்டேன்.

"க்ர்ஹும்… க்ர்ஹும்… காண்ட்ராக்டர்ட்ட குடு." குடுத்தார். "காண்ட்ராக்டரே, ஒண்ணு பாத்துக்கிடுங்க. லைன் மாத்துத வரைக்கும் ஒரு கல்லு வைக்கப்பிடாது, கேட்டியளா? வேலை நிக்கட்டு. மறு உத்தரவு வரும் வரை நிக்கட்டு."

அந்த "மறு உத்தரவு வரும் வரை" இருக்கிறதே, அது என் சொந்தச் சரக்கு. அந்த ஆள் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் கவர்ன்மென்ட்டுக்காரர் சொல்கிற மாதிரி இருந்ததா இல்லையா? சாப்பாட்டுக்கு மேலே நெய் விட்ட மாதிரி!

எங்கப்பா சார்… எங்கப்பா, "சரி சார். நீங்க சொன்னா சரி சார். ஆளை அனுப்பிடவா சார்?" என்கிறார். எனக்கு! நான் தினமும் "நோட்டு வாங்கக் காசு குடுப்பா"ன்னு கெஞ்சுகிற எனக்கு! அஸ்லம் சட்டையை வாயில் திணித்துக்கொண்டு மண்ணில் உருளுகிறான். அந்தப் பக்கம் தொம்முனு ஒரு சத்தம். எவனோ மூட்டையோட விழுந்துவிட்டான், எல்லோரும் கெக்கெக்கேன்னு சிரிக்கிறார்கள், மேஸ்திரி, "பூசணிக்காடா, பாத்து வாடா எருமை"ன்னு கத்துகிறார். நான் அவ்வளவு சிரிப்பையும் அடக்கிக்கொண்டு, "என்ன சத்தம் அங்க?"ன்னு கேட்டேன் பாருங்க, அதுதான் சார் நடிப்பு! அதுதான்…

சிரிங்க சார்.

சிரிப்பு வரலையா? இன்னும் இருக்கு. அன்றைக்குச் சாயங்காலம் உண்மையைச் சொல்லி, அப்பா முகம் போகிற போக்கைப் பார்க்கணும் என்றுதான் காத்திருந்தேன். சீக்கிரமே வந்துவிட்டார். கையில் அல்வாப் பொட்டலம். "இன்ஜினியரே ஓய்வு குடுத்துட்டாருடா"ன்னு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டி.வி. பார்த்தார். அவர் அப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை. சரி, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். நாளைக்குச் சொல்ல வேண்டிய வேலையே இருக்கவில்லை. காலையில் குளித்து, பட்டை போட்டு, வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வேலைக்குத்தான் போகிறார், அங்கே போனதும் அது பொய் போன் என்று தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். தினமும் அப்படித்தான் கிளம்பினார். வேலைக்குத்தான்…

இ.பி. ஆபீசுக்கு.

இருங்க சார். ஒரு நிமிஷம்.

அன்றைக்கு ரெண்டு போன் வந்திருக்கும், இல்லையா? ஒன்று நான் பண்ணினது. ஒன்று அந்த ஆள் பண்ணினது. வரலாமே? ஒரே நாளில் ரெண்டு போன் வரக்கூடாதா? ஒரே பூசணிக்காயில் ரெண்டு பேர் வழுக்கி விழலாமே? அழுகின பூசணிக்காய்தானே, ரெண்டு பேர் விழலாம். நீங்க சொல்லுங்க சார். நீங்களும் எத்தனையோ பூஜை பார்த்திருப்பீங்க.

என்ன ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்? ஆரம்பத்திலிருந்தே நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் விடவில்லை, அதுவும் சரிதான்.

அதோ, அப்பா வந்துவிட்டார். படியேறி வருகிறார் பாருங்க, நெஞ்சோட ஜெராக்ஸை அணைத்துக்கொண்டு. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அவர் சிரித்து ரொம்ப நாளாச்சு சார், அந்தப் பூசணிக்காய் இருக்கிற தைரியம்.

ஏன் பாதிப் படியில் நின்றுவிட்டார்? என்னைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் அப்படி முறைக்கிறார். உங்களை அவருக்குத் தெரியுமா?

பியூனும் யார் பேரையோ கூப்பிடுகிறார், காதில் சரியாக விழவில்லை. நீங்க எதுக்கு சார் எழுந்திரிக்கிறீங்க? தண்ணி வேணுமா? என் பாட்டில்ல இருக்கு. தொண்டை ஏதோ செருமுதே உங்களுக்கு.

ரெண்டு தடவை.

ஏன் சார் ரெண்டு தடவை செருமுனீங்க?

வேணாம் சார். ஒண்ணும் பேசாதீங்க. அப்பா கிட்ட வந்துட்டார் சார். உள்ளே போய் என்ன வேணும்னாலும்… இல்ல, உள்ளேயும் வேணாம். சார், கையெடுத்துக் கும்பிடுறேன். வாயத் தொறக்காதீங்க சார்.